மூன்று பூ போட்ட நம்பர்

போன மாதம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கைபேசிக் கடைக்கு என் சிம் கார்டை மாற்றப் போனேன். என்னுடையது பழைய கார்டு. 5ஜி கார்டுக்கு மாற்றினால் வேகமாக இருக்கும், காசு இல்லை, அடையாள அட்டை, அதான் ஐசி, கொண்டு வந்தால் போதும் என்று செய்தி வந்திருந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்டி, உங்களுக்கு எதுக்கு 5ஜி? வாட்சப்தானே பாப்பீங்க. இதே போதும் லா."

"போதுமா போதாதான்னு நான் சொல்றேன். நீ மாத்திக் குடு."

"அப்படின்னா வீட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். அப்புறம் தெரியாம சைன் வச்சிட்டேன்னு வந்து சத்தம் போடுவீங்க."

ஐசியை எடுத்து, கவுண்டரில் இருந்த அட்டை படிக்கிற பெட்டியில் நானே சொருகினேன். அவள் சொல்வதற்கு முன்பே வலது கட்டைவிரலை ரேகை பார்க்கிற கண்ணாடியில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவள் புதுக் கார்டைப் போட்டு முடித்து, பழைய கார்டை இடது கையில் பிடித்துக்கொண்டு கத்திரிக்கோலை எடுத்தாள்.

"கார்டுக்குள்ள நம்பர் இருக்கான்னு பாத்தியா?"

"இப்பல்லாம் யாரு ஆன்டி கார்டுல நம்பர் வைக்கிறாங்க?"

"நான் வச்சிருக்கேன். கத்திரிய கீழ வை."

வைத்துவிட்டாள். நம்பர்களை நானே மாற்றி எடுத்துக்கொண்டு, கார்டை அவளிடம் திருப்பிக் கொடுத்து, "இப்ப வெட்டு" என்றேன். அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆன்டி எங்க வேல செஞ்சீங்க?"

இதே மாதிரி ஒரு நாற்காலியில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, எனக்கு வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

என் பெயர் கமலம். வீட்டுக்காரர் செத்த வருஷம் ஜமால் நானாவின் கைபேசிக் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். துடைத்துக்கொண்டே பார்த்தேன். எந்தக் கார்டு எந்தப் போனுக்கு, எந்தப் பட்டன் எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்ணால் படித்தேன். எழுத்து எனக்குக் கை கொடுக்காது, எண் கை கொடுக்கும். ஒரு நாள் கவுண்டர் பெண் வரவில்லை. ஆள் கூடிவிட்டது. நானா என்னைப் பார்த்து, "கமலம், துடைப்பத்தை வச்சிட்டு வா" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்பது ஒரு மாதத்தில் மனப்பாடம். கட்டத்தின் இடம் மாறினால்தான் எனக்குத் தடுமாற்றம், அதையும் இரண்டு நாளில் பழகிக்கொள்வேன்.

கார்டு மாற்றுகிற முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. முதலில் ஐசி. யார் பெயரில் கார்டு இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும், கட்டைவிரல் வைக்க வேண்டும். வயலில், பாசார்ச் சந்தையில், மீன்பிடித் தொழிலில் இருந்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். அவர்கள் விரலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக அழுத்தச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பழைய கார்டையும் புதுக் கார்டையும் ஒரு சின்னப் பெட்டியில் பக்கம் பக்கமாகச் சொருகி, உள்ளே இருக்கிற நம்பர்களை இதிலிருந்து அதற்கு ஏற்றுவது. மூன்று நிமிஷம் ஆகும். மூன்றாவது, கஸ்டமரே நம்பர்களைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாம் இருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான், அவர் கண் முன்னால், பழைய கார்டை நடுவில் வெட்டுவது. வெட்டிவிட்டால் ஆண்டவனாலும் ஒட்ட முடியாது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்காதவர்கள். அவர்களுக்குப் பெயர் எழுதி வைத்தால் என்ன பிரயோஜனம்? அதனால் நான் அடையாளம் போட்டுக் கொடுத்தேன். போனில் நட்சத்திரப் பட்டன் இருக்கிறதே, அதைப் பூ என்போம். சைபர் முட்டை. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டது சன்னல். மூத்த மகனுக்கு ஒரு பூ, இளையவனுக்கு இரண்டு பூ, கிளினிக்குக்குச் சன்னல் என்று அவரவரே சொல்வார்கள், நான் போடுவேன். ஒரு மனுசன் மாமியாருக்கு முட்டை போடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவங்ககிட்ட இருந்து எனக்குக் கெடச்சது அதுதான் அக்கா" என்றார். காப்பாரிலிருந்தும் ஆள் வரும், அந்தக் கடையில பூ போட்டுக் குடுக்கிற அக்கா இருக்காங்க என்று. இது என் மூளையில் வந்த முறை. எனக்கு இதில் பெருமை உண்டு. இனி சொல்லப்போவதில் அந்தப் பெருமைக்கும் ஒரு அடி உண்டு, அதையும் மறைக்கவில்லை.

ஜமால் நானாவுக்கு முடியாமல் போனதும் கடையை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. தலைமை ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில். அவர்கள் அனுப்பிய மேனேஜர் ரவி, சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வருவார்.

அவர் கத்த மாட்டார். கத்தினால்கூடத் தேவலை என்று நினைத்திருக்கிறேன். எப்போதும் சிரித்த முகம். ஒவ்வொரு கஸ்டமர் போனதும் கையில் சானிட்டைசர் தேய்ப்பார், விரல் விரலாக, மோதிரத்தைக் கழற்றி அடியிலும். தேய்த்துக்கொண்டே பேசுவார். "ஆன்டி, நான் சொல்றது உங்க நல்லதுக்கு" என்று ஆரம்பித்தால் நல்லது ஒன்றும் வராது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு கடிகாரம் மாட்டினார். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். நான் எட்டு நிமிஷம் எடுப்பேன். நாள் முடிவில் எல்லாரையும் நிறுத்தி, பெயர் சொல்லாமல், "நம்ம டீம்ல ஒருத்தர் இன்னும் பழைய காலத்துலயே இருக்காங்க" என்பார். மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

3ஜி அலையை நிறுத்தப் போகிறார்கள், எல்லாரும் 4ஜி கார்டுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் போன் வேலை செய்யாது என்று அறிவித்த நேரம். கூட்டம் கடைக்கு வெளியே வரை நின்றது. பழைய போன் வைத்திருந்தவர்களுக்குப் புதுப் பட்டன் போனும் சேர்த்துக் கொடுத்தார்கள். எந்தக் கிளை அதிகம் மாற்றுகிறது என்று கிளைக்குக் கிளை போட்டி. ரவி நம்பர் ஏற்றுகிற பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆன்டி, இது மூணு நிமிஷம் தின்னுது. பேரு உள்ள நம்பரை மட்டும் டிக் பண்ணி ஏத்துங்க. மத்தத விடுங்க."

"பேர் இல்லாத நம்பரும் நம்பருதான் பொஸ்."

"பேர் இல்லன்னா முக்கியம் இல்லன்னு அர்த்தம், ஆன்டி."

நான் என் கவுண்டரில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அவர் தன் கவுண்டரில் தன் இஷ்டப்படி செய்தார். அன்றைக்கே எல்லார் முன்னாலும் பூ விஷயத்தை அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. என் ரோசம் என் வாயைக் கட்டிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை சரசு வந்தாள், காப்பார்க்காரி. கூடவே புருசன் பெருமாள். கார்டு அவர் பெயரில் இருந்ததால் அவர் வந்துதான் ஆக வேண்டும். அவர் கரண்டு ஸ்டேஷன் வாசலில் ஜாகா, காவல் வேலை பார்க்கிறவர். பெரிய மீசை, சட்டைப்பையில் விசில். அவர்களுக்கு விழுந்த வரிசை நம்பர் ரவியின் கவுண்டருக்கு. நான் பக்கத்துக் கவுண்டரில் ஒரு சீனக் கிழவரின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அங்கிள், சின்னப் பிள்ள கையில போன குடுத்தீங்களா?" என்று ரவி சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஸ்டார் ஸ்டாரா இருக்கு, சீரோவா இருக்கு. எல்லாம் ரப்பிஷ்."

நான் திரும்புவதற்குள் கத்திரிக்கோல் சத்தமும் கேட்டுவிட்டது.

சரசு புதுப் போனைத் திறந்து பட்டனை அமுக்கினாள். அமுக்கினாள். இரண்டே இரண்டு பெயர் இருந்தது, இரண்டும் கம்பெனியே போட்டு வைத்த சேவை நம்பர்.

"நம்பரு எல்லாம் எங்க தம்பி?"

"வேண்டியது இருக்கு ஆன்டி. குப்பைய எடுத்துட்டேன். இப்ப போன் சுத்தமா இருக்கு."

பெருமாள் குனிந்து பார்த்தார். "என்னா நம்பரு காணோம்?"

சரசு போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மீன்காரன் நம்பரு."

"மீன்காரனா? அவன்தான் தெனமும் வாசல்ல நின்னு ஹார்ன் அடிச்சி உசுர எடுக்கிறானே. அவனுக்கு எதுக்குடி போனு?"

ரவி சிரித்தார், பெருமாளும் சிரித்தார். சரசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் தனியாக வந்திருந்தாள். ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, இதற்கு மூன்று பூ போட்டுக் கொடு அக்கா என்றாள். போட்டதும் காகிதத்தைக் கிழித்து என் குப்பைத் தொட்டியில் போட்டாள். அது அவள் மகள் வாணியின் நம்பர். வாணி கூட வேலை செய்த சீனப் பையனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று பெருமாள் கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். தான் கூப்பிட்டு அப்பா எடுத்துவிட்டால் அம்மாவுக்கு அடி விழும் என்று மகள் கூப்பிடுவதே இல்லை. சரசுதான் செவ்வாயும் வெள்ளியும், பெருமாள் பகல் வேலைக்குப் போன பிறகு, மூன்று பூவை அமுக்கிப் பேசுவாள். பேசி முடித்ததும், கூப்பிட்ட அடையாளத்தை அழித்துவிடுவாள். அழிக்கவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, சரசு காப்பாரிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைக்குப் பின்னால் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு எட்டு மாசம் அக்கா. ஜெஞ்சாரோம்ல எங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு மககிட்ட போயி இருக்கிறதா இருந்தேன். எந்த நாளுன்னு இந்த வாரம் சொல்றேன்னேன். வீடு எங்கன்னு தெரியாது. சுபாங் ஜெயா ஃபிளாட்டுன்னு தெரியும், அவ்வளவுதான். நான் கூப்பிடலன்னா, அம்மாவும் கைய கழுவிட்டான்னு நெனச்சிக்குவா அக்கா."

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், வேர்வை மாதிரி. நான் நேராக ரவியிடம் போனேன். விஷயத்தை முழுக்கச் சொல்லவில்லை, அது அவள் மானம். முக்கியமான நம்பர், கூப்பிட்ட பட்டியலைத் தலைமை ஆபீஸிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

அவர் சானிட்டைசரை எடுத்தார். "ஆன்டி, நான் சொல்றது உங்க நல்லதுக்கு. கார்டு யார் பேர்ல இருக்கோ அவர் ரேகை வச்சு ஃபாரம் குடுக்கணும். வைஃப் கேட்டா குடுக்க முடியாது. ரூல்."

"வெட்டுறதுக்கு முன்னாடி காட்டணும்கிறதும் ரூல்தான பொஸ்?"

"கஸ்டமர்தான் ஒழுங்கா பேர் போட்டு வைக்கணும். ஸ்டார் போட்டு வச்சா யாருக்குத் தெரியும்?" மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "யார் அவங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல."

தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அது செருப்படி. நான் போட்ட பூவைத்தான் அவர் குப்பை என்று எடுத்தார். பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தால் அவர் கை நின்றிருக்கும். எனக்கு எழுத்து தடுமாறும் என்பதால் எழுத்தே வேண்டாம் என்று விட்டவள் நான்.

அன்றைக்கு நான் ஒரு பொய் சொன்னேன். பெருமாளுக்குப் போன் போட்டு, "அண்ணே, கார்டு மாத்தினதுல ஒரு ஃபாரம் பாக்கி இருக்கு, ரேகை வைக்கணும்" என்றேன். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரவி வருவதற்கு முன்பே, கூப்பிட்ட பட்டியல் கேட்கிற ஃபாரத்தை அவர் முன்னால் வைத்தேன். அவருக்கும் படிப்பு இல்லை. ஆனாலும் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன்காரன் நம்பருக்கா?"

"ஆமா."

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விரலை அழுத்தினார்.

நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸில் ஃபாரத்தைக் கொடுத்தேன். கிளையிலிருந்து வந்திருக்கிறேன், கஸ்டமர் அவசரம் என்றேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, அதனால் உட்கார வைத்தார்கள். ஃபாரத்தை ஒருவர் வாங்குவார், ஒருவர் பார்ப்பார், ஒருவர் கையெழுத்துப் போடுவார், அவர் சாப்பிடப் போயிருப்பார். மூன்று மணிக்குத்தான் ஆறு காகிதம் கையில் வந்தது. வரிசை வரிசையாக எண். எனக்கு எண் பயமில்லை. அங்கேயே நாற்காலியில் விரித்து வைத்து விரலால் தடவிக்கொண்டு போனேன். செவ்வாய், மதியம். வெள்ளி, மதியம். மறுபடி செவ்வாய். ஒரே நம்பர். பேனாவால் அடியில் கோடு போட்டேன்.

புதன்கிழமை காலை கடைக்குப் போகும் முன் என் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

"அம்மாவா?" என்றது ஒரு குரல், ஹலோகூடச் சொல்லாமல்.

"அம்மா இல்லம்மா. அம்மா போன்ல உன் நம்பரத் தொலைச்ச கடையில இருந்து பேசறேன்."

"நேத்து செவ்வாக்கெழம ஆன்டி" என்றாள். "பாத்ரூமுக்குக்கூட போன எடுத்துக்கிட்டே போனேன்."

சரசு அன்று மதியம் வந்தாள். மூன்று பூ போட்டேன். இந்த முறை பூவுக்குப் பின்னால் ஒரு பெயரும் சேர்த்தேன், பார்க்கிறவர்கள் குப்பை என்று நினைக்காமல் இருக்க. வாணி என்று போட முடியாது. 'மீன்' என்று போட்டேன். அது முதல் எல்லாருக்கும் பூவும் பெயரும் சேர்த்துத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ரவி ஒரு கடிதம் கொடுத்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லி ரேகை வாங்கியது, கஸ்டமர் பட்டியலைத் தானே படித்தது, வேலை நேரத்தில் போனது. கடைசி வரியில் வயது காரணமாக ஓய்வு என்று போட்டிருந்தார்கள். விதிப்படி அந்த மூன்றும் தப்புதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் போன் பட்டியலை இன்னொருவர் எடுத்துப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தாயின் ஒரே நம்பரைச் சிரித்துக்கொண்டே வெட்டியவருக்குக் கடிதம் வரவில்லை. அதிகம் மாற்றிய கிளை என்று கண்ணாடிக் கேடயம் வந்தது. அதைக் கடிகாரத்துக்குக் கீழே வைத்தார், வைத்துவிட்டுக் கை தேய்த்தார்.

"நீங்க ரெஸ்ட் எடுக்கணும் ஆன்டி. உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லத நான் பாத்துக்கிறேன். நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி காட்டுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன், முழுப் பெயரும், அவர் நாலு நிமிஷக் கடிகாரம் ஓட ஓட, மெதுவாக.

என் கடைசி வாரத்தில் பெருமாள் வந்தார். தனியாக. வேலைச் சட்டை போட்டிருந்தார். என் கவுண்டர் காலியாகும்வரை நின்று, பிறகு தன் போனை என் முன்னால் வைத்தார்.

"மீன்காரன் நம்பரு கெடச்சிருச்சா அக்கா?"

"கெடச்சிருச்சு."

"எனக்கும் இதுல போட்டுக் குடுங்க."

எனக்கு இரக்கம் வரவில்லை. அத்தனை மாதம் ஒருத்தி புருசனுக்குப் பயந்து பெற்ற பிள்ளையைப் பூவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும், ஹார்ன் அடிக்கிற மீன்காரனைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"என்னிக்கிலேந்து தெரியும் உங்களுக்கு?"

"அவ செவ்வாக்கெழமயும் வெள்ளிக்கெழமயும் சந்தோசமா சமைக்கிறா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"கோயில்ல சத்தியம் பண்ணிட்டேன் அக்கா."

"நீங்க பண்ணுன சத்தியத்துக்கு அந்தப் பொம்பள ஏன் பயந்து சாகணும்?"

அவர் மீசையைத் தடவினார். நான் என் போனை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, வாணியைக் கூப்பிட்டேன். அப்பா உன் நம்பரைக் கேட்கிறார், கொடுக்கட்டுமா என்றேன். நான் அவசரப்படுத்தவில்லை.

"வேணாம் ஆன்டி," என்றாள். "அம்மா மட்டும் வரட்டும்."

போனை வைத்துவிட்டு அதை அப்படியே அவரிடம் சொன்னேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் விசில் பக்கத்தில் வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அவளுக்கு பஸ்சு ஒத்துக்காது," என்றார். "சட்டி பான எல்லாம் தூக்கிக்கிட்டுப் போவா. நான் மச்சான் கார வாங்கி கொண்டு போயி விடறேன். மேல ஏற மாட்டேன். கீழயே நின்னுக்கிறேன்."

"அத எங்கிட்ட சொல்லாதீங்க. வீட்டுல போயி சரசுகிட்ட சொல்லுங்க. ஜெஞ்சாரோம்னு அவ பொய் சொல்றதுக்கு முன்னாடி சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளை எடுத்து, வேலைக்குப் போகிற பக்கம் திருப்பாமல், வீட்டுப் பக்கம் திருப்பினார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.